கதவு யாருக்குத் திறந்தது? செவிலியர் கல்வியின் வரலாறும் நம் வீடுகளும்



கொடைக்கானலிலிருந்து மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பூம்பாறை. படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களும், புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும், குழந்தை வேலப்பர் கோயிலும் அவ்வூரின் அடையாளங்கள். சுற்றுலா வருவோர் சாலையோரத்தில் நின்று அதன் அழகைப் படம் எடுத்துச் செல்வர். அங்கேயே வாழ்பவர்களுக்கோ அந்த வளைந்த சாலைதான் வாழ்வின் கணக்கு. இரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டாலும், ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலும், மூடுபனியில் அந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும். ஆதலால் இத்தகைய மலையூர்களில் மருத்துவம் என்பது முதலில் ஒரு பெண்ணின் வருகைதான். தடுப்பூசிப் பெட்டியோடும் பதிவேட்டோடும் வீடு வீடாக ஏறி இறங்கும் கிராம சுகாதாரச் செவிலியரே அந்தப் பெண். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலைப்பகுதியில் 3,000 பேருக்கே ஒன்று வேண்டும் என்று அரசு வகுத்த விதியின் காரணமும் இந்தத் தொலைவுதான்.

அந்தச் செவிலியர் கதவைத் தட்டுகிறார், வீட்டார் திறக்கிறார்கள். இன்று இயல்பாகத் தோன்றும் இந்தக் காட்சிக்குப் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் தொடக்கத்தில், திறக்காமலே போன ஒரு முஸ்லிம் வீட்டின் கதவும் இருக்கிறது. அதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

கொடைக்கானலில் 'ஹில்டாப்' என்றொரு இல்லம். 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில், தம் 89-ஆம் வயதில் டாக்டர் ஐடா ஸ்கடர் அங்கே காலமானார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்தவர் அவர். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் மருத்துவ ஊழியர்களாக இருந்தபோதிலும், தமக்கு அந்த வாழ்க்கை வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தபின், நோயுற்ற தாயாருக்குத் துணையாகச் சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடுதான் 1890-இல் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவில் நிகழ்ந்ததை அவரே பிற்காலத்தில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார். முதலில் ஒரு பிராமண இளைஞர் வந்து, தம் மனைவி பிரசவத்தில் தவிப்பதாகவும், ஐடா வந்து உதவ வேண்டும் என்றும் கேட்டார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையார்தான் மருத்துவர் என்றும் ஐடா சொன்னார். ஓர் ஆண் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டு மருத்துவம் செய்வதை ஏற்க இயலாது என்று கூறி அவர் திரும்பிச் சென்றார். சற்று நேரத்தில் மீண்டும் காலடியோசை கேட்டது. இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் அதே நிலை. தந்தையும் மகளும் சேர்ந்தே அவரிடம் மன்றாடினர். குடும்பத்துக்கு வெளியே எந்த ஆணும் தம் மனைவியின் முகத்தைக் கண்டதில்லை என்று சொல்லி அவரும் இருளில் மறைந்தார். மூன்றாவதாக வந்த மற்றோர் இந்துக் குடும்பத்தவரின் பதிலும் அதுவே. மறுநாள் காலையில் சாவுப் பறையின் ஓசை கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

ஐடா அமெரிக்கா திரும்பினார்; இம்முறை சென்றது மருத்துவம் படிக்க. கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்து சேர்ந்தார்.

இந்தக் கதையைக் கேட்கும் பலரும் அந்த மூன்று கணவர்களையும் எளிதாகக் கடிந்துவிடுவர். அவ்வாறு செய்வது நியாயமாகாது. மூவரும் வெவ்வேறு சமூகத்தவர். மூவருமே தம் மனைவியைக் காப்பாற்றத்தான் நள்ளிரவில் ஓடி வந்தனர். அவர்கள் கேட்டது ஒரு பெண் மருத்துவரை. திண்டிவனத்தில் அப்படியொருவர் இல்லை. அந்த முஸ்லிம் கணவரின் வெட்க உணர்வை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர்ந்தால், மீதிப் பொறுப்பு மறைந்துபோகும். தம் பெண்களை அந்நிய ஆண்கள் காணக் கூடாது என்று கருதிய சமூகங்கள், அப்பெண்களுக்குப் பிணி வந்தால் பார்க்கத்தக்க பெண்களை உருவாக்கி வைத்தனவா? வரலாறு நம்மிடம் கேட்கும் கேள்வி அதுதான்.

மஸ்ஜிதுக்குள் ஒரு கூடாரம்

இக்கேள்விக்கு நம் மார்க்க வரலாற்றின் விடை மிகத் தெளிவானது. ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு தைத்துக் காயமுற்றபோது, தாம் அருகிலிருந்து நலம் விசாரிக்கும் பொருட்டு நபி (ஸல்) அவர்கள் மஸ்ஜிதிலேயே அவருக்குக் கூடாரம் அமைக்கச் செய்தார்கள். அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி அக்கூடாரத்தில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்ததை வரலாற்று ஆசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன் சென்று உணவு சமைத்ததையும் நோயுற்றோரைப் பராமரித்ததையும், ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் தண்ணீர் வழங்கிக் காயங்களுக்கு மருந்திட்டதையும் ஹதீஸ் தொகுப்புகள் கூறுகின்றன. இப்பணிகள் எவையும் அவர்களின் கண்ணியத்தைக் குறைத்ததாக அன்று எவரும் கருதவில்லை.

பிற்காலத்தில் இம்மரபு நிறுவனமாக வளர்ந்தது. டமாஸ்கஸில் நூருத்தீன் ஸன்கீ 12-ஆம் நூற்றாண்டில் அமைத்த மருத்துவமனையும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய மன்சூரி மருத்துவமனையும் புகழ்பெற்றவை. கெய்ரோ மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகளும், அந்தந்தப் பாலாரே பணி செய்யும் ஏற்பாடும் இருந்தன. பர்தாவைப் பேணுவதென்றால், மருத்துவப் பணிக்குப் பெண்களைப் பழக்கியாக வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். இடைக்காலத்தில் எங்கோ நாம் முதற்பகுதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பகுதியை மறந்துவிட்டோம்.

கோஷா ஆஸ்பத்திரி

சென்னைவாசிகளுக்கு இந்தப் பெயரே ஒரு வரலாற்றுச் சான்று. சேப்பாக்கத்தில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என வழங்கும் இடத்தை, திருவல்லிக்கேணியின் மூத்த பெண்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வர். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அந்த முதல் அணியில் படித்த மேரி ஷார்லீப் என்பவரின் முயற்சியால், 1885-இல், திரைக்குப் பின் வாழ்ந்த இந்து முஸ்லிம் பெண்களுக்கென்றே அம்மருத்துவமனை தொடங்கப்பட்டது. அப்பெண்கள் மருத்துவமனைக்கு வராததற்கு நோயின்மை காரணமன்று. வரத்தக்க இடம் இல்லாமையே காரணம். இடம் அமைந்ததும் அவர்கள் வந்தனர்.

செவிலியர் பயிற்சியும் இதே நகரில்தான் வேர்விட்டது. 1871-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நான்கே மாணவியருடன் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஆயினும் வளர்ச்சி மிக மெதுவாகவே இருந்தது. இரவுப்பணி, அந்நியரின் உடலைத் தொடும் வேலை, குருதியும் கழிவும் கையாளும் தொழில் என்ற காரணங்களால் உயர்குடி எனத் தம்மைக் கருதிய இந்துக்களும் முஸ்லிம்களும் தம் பெண்களை அனுப்பவில்லை. எனவே நெடுங்காலம் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களுமே அச்சுமையைத் தாங்கினர். விளைவு என்ன என்பதை 1946-இல் போர் குழு அறிக்கை எண்ணிக்கையாகக் காட்டியது. பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறக்குறைய 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் இருந்தார்; செவிலியரோ 43,000 பேருக்கு ஒருவர். உலக நாடுகள் பலவற்றில் மருத்துவரைவிடச் செவிலியர் எண்ணிக்கை அதிகமாக இருக்க, இங்கே கணக்கு தலைகீழாக நின்றது.

வேலூரில் வளர்ந்த பயிற்சி

வேலூரில் 1902-இல் 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்ட மருத்துவமனையில் ஐடா ஸ்கடருக்கு உதவப் பயிற்சி பெற்ற செவிலியர் போதிய அளவில் இல்லை. மருத்துவர் ஒருவர் எத்தனை திறமையானவராயினும், அறுவைக்குப் பின் இரவெல்லாம் விழித்திருந்து நாடி பார்க்கவும், புண்ணைத் தூய்மையாக வைக்கவும் ஆள் இல்லையெனில் நோயாளி பிழைப்பது அரிது. ஆதலால் 1909-இல், டீலியா ஹௌட்டன் என்பவரின் பொறுப்பில் செவிலியர் பள்ளி தொடங்கியது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதற்குப் பின்னர்தான், 1918-இல் வந்தது. மூன்று விண்ணப்பங்கள் கிடைத்தாலே அதிகம் என்று அன்றைய அதிகாரி ஒருவர் ஐயுற்றாராம், வந்தவையோ 151. 1946-இல் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே ஆண்டு தில்லியிலும் தொடங்கியது. செவிலியம் ஒரு கைத்தொழில் என்ற நிலையிலிருந்து பல்கலைக்கழகக் கல்வியாக உயர்ந்தது இந்தியாவில் அப்போதுதான்.

கட்டடத்துக்குள் காத்திருந்தால் ஊரார் வரமாட்டார்கள் என்பதையும் வேலூர் விரைவில் கற்றது. குடியாத்தம் செல்லும் சாலையோர மரநிழல்களில் வாரந்தோறும் மருத்துவம் பார்க்கும் வழக்கம் முன்னரே இருந்தது. முதலில் மாட்டு வண்டியில், பிறகு காரில். பின்னாளில் 1977-இல் கே.வி.குப்பத்தில் தொடங்கிய 'ருஷா' என்னும் ஊரக நலப்பணி மையம் வரை அம்மரபு நீண்டது. செவிலியர் மாணவியர் கிராம வீடுகளுக்கே சென்று பயில்வது பாடத்தின் ஒரு பகுதியாயிற்று.

ஐடா கிறிஸ்தவ ஊழியராக வந்தவர். அவருடைய நம்பிக்கைக்கும் நமது நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படையானது. எனினும் நம் வீட்டுப் பெண்ணின் மரணம் அவருடைய வாழ்வைத் திருப்பியது என்பதும், அந்த மரணத்துக்கு அவர் பதில் தேடினார் என்பதும் நாம் மறுக்க இயலாத உண்மைகள். நன்றி பாராட்டுவது நம் மார்க்கம் கற்பித்த பண்பு.

மலையிலிருந்து வீட்டுக்கு இறங்கிய மருத்துவம்

செவிலியர் கல்வி உயிர்களைக் காத்ததோடு நிற்கவில்லை. மருத்துவ அறிவையே அது மாற்றியது. அதற்குச் சிறந்த சான்று காசநோய்.

ஒரு காலத்தில் காசநோய்க்கு மருந்து என்றால் குளிர்ந்த காற்று, ஓய்வு, சத்தான உணவு. வசதியுள்ளோர் மலைகளை நாடினர். மற்றோருக்கு 'சானடோரியம்' எனப்படும் தனி மருத்துவ இல்லங்கள். தாம்பரத்தில் இரயில் நிலையத்துக்கே அப்பெயர் நிலைத்திருக்கிறது. ஆனால் இலட்சக்கணக்கான நோயாளிகள் உள்ள நாட்டில் அத்தனை படுக்கைகளுக்கு எங்கே போவது? மருந்து மாத்திரைகள் புழக்கத்துக்கு வந்தபோது ஒரு வினா எழுந்தது. நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு, வேலைக்கும் சென்றுகொண்டே ஓர் ஏழை குணமடைய முடியுமா?

இதை ஆராயவே 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தியல் ஆய்வு மையம் அமைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து நடத்திய அந்த ஆய்வுக்கு வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் தலைமை ஏற்றார். நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் இருந்தனர். மற்றோர் தம் வீட்டிலேயே இருந்தனர். இருசாராருக்கும் அதே மாத்திரைகள்.

1959-இல் வெளியான முடிவு உலகையே வியக்கச் செய்தது. வீட்டிலிருந்தோர் உணவிலும் ஓய்விலும் மிகப் பின்தங்கியிருந்தும், சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறக்குறைய நிகராகவே குணமடைந்தனர். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை, மருந்து தவறாமல் உட்கொள்ளப்பட்டால் போதும் என்பது நிலைநாட்டப்பட்டது. ஏழை நாடுகளின் காசநோய்த் திட்டங்கள் பலவும் இதன்மேல் எழுந்தவையே.

அந்த 'தவறாமல்' என்ற ஒரு சொல்லைச் சுமந்தவர்கள் யார்? பொதுசுகாதாரச் செவிலியரும் வீடுதோறும் சென்ற நலப்பணிப் பெண்களும்தாம். நோயாளி வாரந்தோறும் மருந்து வாங்க வருகிறாரா என்று கவனித்தனர். வராவிடில் தேடிச் சென்றனர். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். சிறுநீர் சோதனையால் மருந்து உள்ளே சென்றதா என்று அறிந்தனர். மாத்திரை ஏன் நின்றது என்பதை அடுக்களை ஓரமாக அமர்ந்து அவ்வீட்டுப் பெண்களிடம் கேட்டறிந்தனர். அவர்கள் திரட்டிய எண்ணிக்கைகளே ஆராய்ச்சியாயின.

கஸ்பாவின் குழந்தைகள்

மற்றொரு சான்று நமக்கு இன்னும் நெருக்கமானது. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸ் பற்றி, 2002 முதல் வேலூர் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. கஸ்பா, சின்ன அல்லாபுரம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளே களம். பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த பகுதிகள் அவை. முஸ்லிம்களும் கணிசமாக வாழும் இடம். பிறந்தவுடன் சேர்க்கப்பட்ட 452 குழந்தைகளில் 373 பேரை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தனர். களப்பணியாளர் வாரத்துக்கு இருமுறை வீட்டுக்கு வந்து விசாரித்தனர். குறித்த இடைவெளியில் மல மாதிரி சேகரித்தனர்.

இதே வகை ஆய்வு முன்னரே மெக்சிகோவில் நடந்திருந்தது. அங்கே இருமுறை தொற்று ஏற்பட்ட குழந்தைகள் கடும் நோயிலிருந்து முழுமையாகக் காக்கப்பட்டனர். வேலூரிலோ மூன்று தொற்றுகளுக்குப் பின்னரும் பாதுகாப்பு 79 விழுக்காடே. அந்நிய நாட்டுக் குழந்தைகளை வைத்துக் கணித்த அளவு நம் குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தாது என்பது 2011-இல் வெளியான இம்முடிவால் புலனாயிற்று. டாக்டர் ககன்தீப் காங் வழிநடத்திய வேலூர்க் குழு, பின்னர் இந்தியாவில் உருவான ரோட்டா தடுப்பு மருந்தின் பரிசோதனையிலும் பங்கேற்றது. 2016-இல் அம்மருந்து தேசியத் திட்டத்தில் நுழைந்தது. 2017-இல் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கும் ரோட்டா சொட்டு மருந்து வழங்கும் பணி தொடங்கியது. இன்று நம் பேரக்குழந்தையின் வாயில் விழும் அந்தச் சில சொட்டுகளுக்குப் பின்னே, பீடி இலையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்த உம்மாக்களும் இருக்கிறார்கள்.

ஒரு நிமிடம் சிந்தியுங்கள். அந்தத் தாய்மார்கள் கதவைத் திறக்காதிருந்தால், அவர்களுடைய குழந்தைகள் எந்த அட்டவணையிலும் இடம் பெற்றிரார்கள். எந்த வீட்டுக்குள் பயிற்சி பெற்ற பெண் நுழைய முடியவில்லையோ, அவ்வீட்டின் நோய்கள் எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாத நோய்க்குத் திட்டமும் இல்லை.

இனி நம் வீட்டில்

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் ஓர் உரையாடல் நிகழ்கிறது. மகள் நர்ஸிங் படிக்க விரும்புகிறாள். நைட் டூட்டியா, ஆண் நோயாளிகளைத் தொட வேண்டுமா, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று பெரியவர்கள் தயங்குகின்றனர். இவை வெறும் சாக்குகள் அல்ல, கேட்கத்தக்க கேள்விகளே. விடுதியின் பாதுகாப்பு, இரவுப்பணிக்குச் செல்லும் வாகனம், சீருடையில் முழுக்கைக்கும் தலைமறைப்புக்கும் உள்ள இடம் ஆகியவை கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும். சேரும் முன்பே நேரில் சென்று விசாரிப்பது வாப்பாவின் கடமை. ஐயமுள்ள மார்க்கச் சட்டங்களை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். மகப்பேறு, குழந்தை நலம், பொதுசுகாதாரம் எனப் பெண்களையும் குழந்தைகளையுமே பெரிதும் சார்ந்த துறைகளும் இப்படிப்பில் உண்டு.

படிப்பிலும் படிநிலைகள் இருக்கின்றன. இரண்டாண்டுத் துணைச் செவிலியப் பயிற்சி, மூன்றாண்டுப் பட்டயம், நான்காண்டுப் பட்டம், அதன்மேல் முதுகலையும் ஆய்வுப் பட்டமும். வெளிநாட்டு வேலை என்ற ஒரே கண்ணோட்டத்தில் மட்டும் இதைப் பார்க்க வேண்டாம். நம் மஹல்லாவில் எத்தனை பெண்களுக்கு இரத்தச் சோகை, எத்தனை பேர் சர்க்கரை நோய் தெரியாமலே வாழ்கிறார்கள் என்பதை முறையாகக் கேட்டு எழுதக்கூடிய ஒரு பெண் நம்மிடையே இருக்கிறாளா? ஜமாஅத்தின் கல்வி உதவித்தொகையில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒரு செவிலியர் மாணவிக்கு ஒதுக்குவது பெரிய செலவன்று.

சமூகத்தில் சிலரேனும் நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகளாகும் கடமையை ஃபர்ளு கிஃபாயா என்கிறோம். மருத்துவக் கல்வியை அவ்வகையில் சேர்த்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் செய்ய வேண்டும் என்று விரும்பும் சமூகத்துக்கு அக்கடமை இருமடங்கு.

நாம் மகளை அனுப்பாமல் தயங்கினாலும் நம் மனைவிக்குப் பிரசவ வலி வரத்தான் செய்யும். அவ்விரவில் ஒரு பெண் செவிலியரையே நாம் தேடுவோம். வேறொருவர் வீட்டு மகள் நைட் டூட்டியில் விழித்திருந்து நம் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வாள். அவளுடைய தந்தையும் ஒரு நாள் நம்மைப் போலவே தயங்கியிருப்பார், பிறகு அனுப்பியிருப்பார்.

திண்டிவனத்து இருளில் திரும்பிச் சென்ற அந்த முஸ்லிமின் பெயரோ, இறந்த அப்பெண்ணின் பெயரோ நமக்குத் தெரியாது. அல்லாஹ் அவ்விருவருக்கும் மன்னிப்பருள்வானாக. பூம்பாறை போன்ற மலையூர்களில் இன்று காலையும் ஒரு செவிலியர் பனியில் நடந்து ஏதோ ஒரு கதவைத் தட்டியிருப்பார். அவ்வாறு தட்டும் கைகளுள் நம் மகள்களின் கைகளும் சேரட்டும், இன்ஷா அல்லாஹ்.